கோனிக்ராட்ஸில் தோற்ற பெனடெக்: பழி யார் மேல்?

#1 பழையவரைபடம்

ஒரு தந்தியில் தொடங்குகிறேன். 1866 ஜூலை 1. ஆஸ்திரியாவுக்கும் வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் போர். பொஹீமியாவில் இருந்த ஆஸ்திரிய வடக்குப் படையின் தளபதி லுட்விக் வான் பெனடெக், வியன்னாவில் இருந்த சக்கரவர்த்தி ஃப்ரான்ஸ் யோசஃபுக்கு அனுப்பியது. என்ன கொடுத்தாவது உடனே சமாதானம் செய்துகொள்ளுங்கள், படைக்குப் பேரழிவு நிச்சயம் என்பது அதன் சாரம். பெரிய சண்டை இன்னும் நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சமாதானத்துக்கு வழியில்லை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழுங்காகப் பின்வாங்கலாம் என்று பதில் வந்தது. அதன் வாலில் ஒரு கேள்வி: சண்டை ஏதும் நடந்ததா?

அந்த வால்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அடிவாங்காமலே ஓடிவரப் பார்க்கிறாயா" என்று கேட்ட மாதிரி இல்லை? இரண்டே நாளில், ஜூலை 3 அன்று, கோனிக்ராட்ஸில் எல்ப ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பெனடெக் சண்டைக்கு நின்றார். ஒரே நாளில் சுமார் 44,000 பேரை இழந்தார், அதில் பாதி கைதிகள். பிரஷ்யப் பக்கம் இழப்பு சுமார் 9,000.

ஆள் முதலிலிருந்தே உதவாக்கரையாக இருந்திருந்தால் இந்த இழையே வேண்டாம். ஆனால் அதற்கு முந்தைய நாற்பது வருஷத்தில் அவர் கை வைத்த இடமெல்லாம் வெற்றிதான். 1804இல் ஹங்கேரியின் ஓடன்பர்க்கில், இன்றைய ஷோப்ரோனில், ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். புராட்டஸ்டன்ட். பெரிய பிரபுக்களும் கத்தோலிக்கர்களும் மேலே உட்கார்ந்திருந்த ராணுவத்தில் இரண்டுமே அனுகூலமில்லை. வீனர் நாய்ஷ்டாட் ராணுவ அகாடமியில் படித்து 1822இல் படையில் சேர்ந்தார்.

அப்படிப்பட்டவர் எப்படி இங்கே வந்து நின்றார்? தப்பு அவருடையதா, அவரை அனுப்பியவர்களுடையதா?

#2 சுக்குக்காபி

நான் இந்த விஷயத்துக்குப் புதுசு. ஹங்கேரியில் பிறந்தவர் எப்படி ஆஸ்திரியத் தளபதி? கோனிக்ராட்ஸ் எங்கே இருக்கிறது?

#3 பழையவரைபடம்

@சுக்குக்காபி அப்போது ஹங்கேரி, பொஹீமியா, கலீசியா, வெனிஸ் எல்லாம் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியின் கீழே. படையில் பத்துக்குக் குறையாத பாஷை. கட்டளைகள் மட்டும் ஜெர்மன், சுமார் 80 சொல். "நட", "நில்", "சுடு" மாதிரி. மற்றதெல்லாம் அந்தந்த ரெஜிமென்டின் பாஷையில் நடக்கும். கோனிக்ராட்ஸ் இன்றைய செக் குடியரசின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே. சண்டை நடந்தது ஊரில் இல்லை, அதற்கு வடமேற்கே உள்ள மேட்டு நிலத்தில். பிரெஞ்சுக்காரர்கள் சாடோவா சண்டை என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

#4 குதிரைலாடம்

அவருடைய பொற்காலத்தைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும், அதனால் நானே.

1847இல் இத்தாலியில் 33ஆம் காலாட்படை ரெஜிமென்டின் கர்னல். மேலே ராடெட்ஸ்கி, எண்பது வயதைத் தாண்டிய கிழவர். (ஆமாம், அந்த ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசை இவருக்காக 1848இல் போட்டதுதான்.) குர்டடோனே சண்டையில் பெனடெக் பெயர் வாங்கினார். ஆனால் எனக்குப் பிடித்தது மோர்டாரா, 1849 மார்ச் 21. இருட்டிவிட்டது. பெனடெக் தன் ஆட்களோடு ஊருக்குள் புகுந்து தெருத்தெருவாக முன்னேறுகிறார். பார்த்தால் முன்னாலும் பீட்மான்ட் (வட இத்தாலிய ராஜ்யம்) படை, பின்னாலும் பீட்மான்ட் படை. சாதாரண ஆள் "மாட்டிக்கொண்டோம்" என்று நினைப்பான். இவர் "நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், ஆயுதத்தைப் போடுங்கள்" என்று ஆள் அனுப்பினார். கும்பல் கும்பலாகப் போட்டார்கள்! இரண்டு நாளில் நொவாரா, அதோடு அந்தப் போர் முடிந்தது.

அப்புறம் 1859 ஜூன் 24, சோல்ஃபெரினோ. ஆஸ்திரியா மொத்தமாகத் தோற்ற நாள். வலது ஓரத்தில் சான் மார்ட்டினோ மேட்டில் VIII கோரை (கோர் என்றால் பல டிவிஷன் அல்லது பிரிகேட் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) வைத்துக்கொண்டு நின்ற பெனடெக் மட்டும் தோற்கவில்லை. பீட்மான்ட் படை திரும்பத் திரும்ப ஏறியது, திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டார். நடுவில் மற்றவர்கள் உடைந்தபிறகுதான், உத்தரவு வந்தபிறகுதான், ஒழுங்காக இறங்கினார். மறுநாள் நாடு முழுக்க ஒரே ஒரு ஜெனரலின் பெயர்.

#5 கசப்புமருந்து

பொற்காலம் என்றால் 1846ஐயும் சேர்த்துப் பேசுவோமா?

கலீசியாவில் போலந்துப் பிரபுக்கள் கிளர்ச்சி செய்தபோது பெனடெக் சிறு படையோடு போனார். கூடவே அரிவாளும் கதிரடிக்கும் கோலும் பிடித்த விவசாயிகள். க்டோ என்ற ஊரில் கிளர்ச்சிக்காரர்கள் தோற்றார்கள், தோற்றவர்களை விவசாயிகள் என்ன செய்தார்கள் என்பதை எழுதக் கை வரவில்லை. அந்த வருஷம் கலீசியாவில் கொல்லப்பட்ட பிரபுக் குடும்பத்தார் சுமார் ஆயிரம் பேர். விவசாயிகளின் கோபம் நியாயமானது, அது வேறு கதை. ஆனால் அதைக் கருவியாக்கிக்கொண்ட அரசுக்குச் சேவகம் செய்து பதக்கம் வாங்கியவர் இவர். 1849இல் தான் பிறந்த ஹங்கேரியின் புரட்சியையே அடக்கப் போய்க் காயமும் பட்டார். போலந்துக்காரரிடமோ ஹங்கேரிக்காரரிடமோ "பாவம் பெனடெக்" என்று சொல்லிப் பாருங்கள்.

#6 குதிரைலாடம்

@கசப்புமருந்து மறுக்கவில்லை. ஆனால் கேள்வி அவர் நல்லவரா என்பதில்லை, தோல்விக்கு யார் காரணம் என்பது. நல்லவர்களும் தோற்கிறார்கள்.

#7 கசப்புமருந்து

ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அவர் பட்டதை எப்படி எடைபோடுவது? சரி, நடத்துங்கள்.

#8 தாலுகாஆபீஸ்

எனக்கு ராணுவம் தெரியாது, ஆபீஸ் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒருவர் இருந்தார். களத்தில் இறங்கினால் எந்த வாடிக்கையாளரையும் மடக்கிவிடுவார். அவரைத் தூக்கி நாலு மாநிலத்துக்கு மேனேஜர் ஆக்கினார்கள். மனுஷன் கெஞ்சினார், எனக்கு என் ஜில்லாவே போதும் என்று. விடவில்லை. ஒரே வருஷத்தில் விற்பனையும் போச்சு, அவரும் போனார். மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மேலே படித்ததில் எனக்குப் பட்டது இதுதான். மோர்டாரா, சான் மார்ட்டினோ இரண்டுமே கண்ணால் பார்த்துச் செய்த வேலை. குதிரையில் உட்கார்ந்தால் மொத்தக் களமும் தெரியும். இரண்டு லட்சம் பேர் உள்ள படையை அப்படி நடத்த முடியுமா?

#9 பழையவரைபடம்

@தாலுகாஆபீஸ் நீங்கள் ராணுவம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஆணியடித்துவிட்டீர்கள். அவரும் கெஞ்சியிருக்கிறார். இத்தாலியில் மிலான் வரை ஒவ்வொரு மரமும் எனக்குத் தெரியும், வடக்கே போனால் நான் கழுதை என்று சொன்னதாகச் சொல்வார்கள். 1860இலிருந்து வெரோனாவில் உட்கார்ந்து அந்த நிலத்தைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தார். முதலில் மறுத்தார். சக்கரவர்த்தி விடவில்லை, ஏற்றுக்கொண்டார்.

இத்தாலியில் இருந்த ஆஸ்திரியப் படை யாருக்குப் போனது தெரியுமா? ஆர்ச்டியூக் ஆல்பிரெக்ட், அரச குடும்பத்தவர். அந்தப் பக்கம் எதிரி எளிது. 1866 ஜூன் 24 அன்று குஸ்டோஸாவில் ஜெயித்தும் விட்டார். அதே ஜூன் 24தான் ஏழு வருஷம் முன்பு சோல்ஃபெரினோ. நாட்காட்டிக்கும் குசும்பு உண்டு.

#10 ரயிலடி

நீங்கள் எல்லாரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தண்டவாளமும் துப்பாக்கியும்தான் கண்ணில் படுகிறது.

எல்லைக்குப் படையைக் கொண்டுவர பிரஷ்யாவுக்கு ஐந்து ரயில் பாதை. ஆஸ்திரியா வடக்குப் படையைத் திரட்டிய ஓல்முட்ஸுக்கு வியன்னாவிலிருந்து ஒன்றே ஒன்று. பிரஷ்யப் படைத் தலைமை அதிகாரி மோல்ட்கே தன் படையை மூன்றாகப் பிரித்து அகலமாகப் பரப்பி இறக்கியதற்கு ரயில்தான் காரணம். கடைசியில் சண்டைக்களத்தில் ஒன்று சேர்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. ஆபத்தான கணக்கு, நடுவில் புகுந்து ஒன்றை அடித்திருக்கலாம். ஆனால் அதற்கு வேகம் வேண்டும்.

துப்பாக்கி: பிரஷ்யச் சிப்பாயிடம் டிரைஸே ஊசித் துப்பாக்கி. பின்பக்கம் திறந்து தோட்டா போடுவது, படுத்துக்கொண்டே நிமிஷத்துக்கு நாலைந்து முறை சுடலாம். ஆஸ்திரியச் சிப்பாயிடம் லோரன்ஸ். மருந்தையும் குண்டையும் வாய்ப்பக்கமாகப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும், அதற்கு எழுந்து நின்றாக வேண்டும். தூரத்துக்கு லோரன்ஸ்தான் நல்ல துப்பாக்கி. ஆனால் 1859இல் பிரெஞ்சுக்காரர்களிடம் அடிவாங்கியபிறகு ஆஸ்திரியா கற்றுக்கொண்ட பாடம், நெருக்கமாகக் கூட்டமாக பயனெட்டோடு ஓடிப்போய் மோது என்பது. நல்ல துப்பாக்கியின் தூரத்தைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு, ஊசித் துப்பாக்கியின் வாய்க்குள் ஓடினார்கள்.

ஜூன் 27 டிராவ்டெனாவ் சண்டையைப் பாருங்கள். ஜெனரல் காப்ளென்ஸ் ஜெயித்தார், பிரஷ்யர்கள் பின்வாங்கினார்கள். ஜெயித்தவர் இழப்பு சுமார் 4,800. தோற்றவர் இழப்பு சுமார் 1,300. இப்படி நாலு தடவை ஜெயித்தால் படையே இருக்காது. பெனடெக்குக்குப் பதில் நெப்போலியனே வந்திருந்தாலும் இதுதான்.

#11 குதிரைலாடம்

@ரயிலடி நெப்போலியன் வந்திருந்தால் ஜூன் 27, 28இலேயே பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் படை மலைக்கணவாயிலிருந்து துண்டு துண்டாக இறங்கும்போது எல்லாரையும் திரட்டி அடித்திருப்பார். பெனடெக் தனித்தனிக் கோர்களை அனுப்பிவிட்டு, முதலில் போட்ட திட்டப்படி மேற்கே நடக்கவே பார்த்தார். நாகோட், ஸ்கலிட்ஸ், யிச்சின், வரிசையாக அடி. துப்பாக்கியைக் குறை சொல்வது சரிதான், ஆனால் ஆஸ்திரியப் பீரங்கி பிரஷ்யப் பீரங்கியைவிட நல்லது. அதை வைத்து மேட்டில் நின்று எதிரியை வரவைத்து அடிக்கலாம். கோனிக்ராட்ஸில் காலை முழுக்க அதுதான் நடந்தது, ஜெயிக்கிற மாதிரியேகூட இருந்தது.

#12 சுக்குக்காபி

அப்புறம் எங்கே கெட்டது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

#13 பழையவரைபடம்

முதல் நாள் ராத்திரியிலிருந்து சொல்கிறேன்.

ஜூலை 2 மதியம் ஜெனரல்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். பெனடெக் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று பேசினாரே தவிர நாளைக்குச் சண்டை என்ற பேச்சே இல்லை. குதிரைப்படை எடல்ஸ்ஹைம் என்பவர் மட்டும் எதிரி நாளைக் காலை தாக்குவான் என்றார். எப்போதிலிருந்து தீர்க்கதரிசி ஆனீர்கள் என்று பெனடெக் மடக்கிவிட்டார். அன்று ராத்திரியே பிரஷ்யத் தலைமையகத்திலிருந்து ஃபின்கன்ஸ்டைன் என்ற அதிகாரி மழையில் குதிரை ஏறி, பட்டத்து இளவரசரை உடனே கிளம்பச் சொல்லும் உத்தரவோடு போய்க்கொண்டிருந்தார். ஆஸ்திரியப் பக்கம் சண்டை உத்தரவு நள்ளிரவு தாண்டித்தான் வெளியே போனது. படைத் தலைமை அலுவலகத்தில் ஹெனிக்ஸ்டைனையும் கிரிஸ்மானிச்சையும் நீக்கி பவும்கார்ட்டனைப் போட்டதும் அந்தக் காலையில்தான். கல்யாணத்தன்று சமையல்காரரை மாற்றிய கதை.

காலை. மழை, மூடுபனி. பெனடெக் லிப்பா மேட்டில். மேற்கே பிஸ்ட்ரிட்ஸ் ஆற்றைத் தாண்டி வந்த பிரஷ்ய முதல் படையைப் பீரங்கிகள் நகரவிடவில்லை. வடக்கே ஸ்வீப் காட்டில் மட்டும் ஃப்ரான்செக்கியின் ஒரு டிவிஷன் புகுந்துவிட்டது. இங்கேதான் வினை. வடக்குப் பக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டிய ஆஸ்திரிய IV கோரும் II கோரும், கண்ணெதிரே தெரிந்த அந்தக் காட்டை நோக்கித் திரும்பிவிட்டன. IV கோரின் தளபதி ஃபெஸ்டெடிச்சின் கால் பீரங்கிக் குண்டில் சிதைந்தது, பொறுப்பேற்ற மோல்லினாரி இன்னும் முன்னேறத் துடித்தார். பட்டாலியன் மேல் பட்டாலியனாகக் காடு தின்றது. பெனடெக் திரும்பி வரச் சொன்னார், வந்தார்கள், நேரம் தாண்டிவிட்டது. திறந்து கிடந்த வடக்குப் பக்கம் வழியாகத்தான் பட்டத்து இளவரசரின் படை வந்தது.

மூன்று மணி வாக்கில் ஒரு அதிகாரி ஓடிவந்து, க்ளும் கிராமத்தில் பிரஷ்யர்கள் என்றார். க்ளும் என்பது பெனடெக் நின்ற இடத்துக்குப் பக்கத்து மேடு, அவர் அணிக்கு நடுப்புள்ளி. அவர் நம்பவில்லை, உளறாதே என்றார். தானே குதிரையைத் தட்டிக்கொண்டு போனார். க்ளும்மிலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள், கூட வந்தவர்கள் விழுந்தார்கள். அப்போதுதான் நம்பினார்.

மோர்டாராவில் முன்னும் பின்னும் எதிரி என்றபோது அசராதவர் இவர்தான். இப்போதும் தன் பயத்துக்காக ஒதுங்கவில்லை, எங்கே தீ அதிகமோ அங்கேயே நின்றார். ஆனால் கர்னல் செய்தால் வீரம் எனப்படுவது, தளபதி செய்தால் படைக்குத் தலை இல்லாமல் போவது.

#14 பனிமூட்டம்

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷம் முன்பு பிராக் போனபோது, ரயில் ஏறி ஹ்ராடெட்ஸ் க்ராலோவே போய், அங்கிருந்து க்ளும் போனேன். சும்மா கோதுமை வயல். நடுவில் அங்கங்கே கல் சிலுவை, கல் தூண். எண்ணிக்கொண்டே நடந்தேன், முப்பதோடு விட்டுவிட்டேன். ரெஜிமென்ட் பெயரைத் தேடினால் ஒரு ஊருக்குள்ளேயே நாலு பாஷைப் பெயர்கள்.

அங்கே சின்ன மியூசியம் இருக்கிறது. பக்கத்தில் செத்தவர்களின் பீரங்கி அணி நினைவுச்சின்னம். கேப்டன் வான் டெர் க்ரோபன், க்ளும்மில் பிரஷ்யர்கள் ஏறியதும் தன் பீரங்கிகளை இருநூறு அடி தூரமோ என்னமோ, எதிரே கொண்டுவந்து நிறுத்திச் சுடச் சொன்னார். மற்றவர்கள் தப்பிக்க நேரம் வேண்டும் அல்லவா. சில நிமிஷத்தில் அவரும் ஆட்களுமாக 53 பேர், 68 குதிரை. குதிரைகளின் எண்ணிக்கையையும் கணக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. அந்த மேட்டிலிருந்து பார்த்தால் வடக்கே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வெயில் நாளில் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

#15 ரயிலடி

@பனிமூட்டம் அருமை. பின்வாங்கும்போது பீரங்கிப்படையும் குதிரைப்படையும் தங்களைக் கொடுத்துத்தான் மிச்சப் படையை எல்பைக் கடக்க வைத்தன. அதிலும் கோனிக்ராட்ஸ் கோட்டை கதவைச் சாத்திவிட்டது. சுற்றிலும் வெள்ளம் பாய்ச்சிய அகழி. தள்ளுமுள்ளில் தண்ணீரில் விழுந்து செத்தவர்களும் உண்டு.

இன்னொன்று. சோல்ஃபெரினோவில் காயம்பட்டவர்கள் கிடந்ததைப் பார்த்துத்தான் ஹென்றி டூனான்ட் செஞ்சிலுவைக்கு வித்திட்டார், 1864இல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. கோனிக்ராட்ஸ் நடந்தபோது ஆஸ்திரியா அதில் கையெழுத்திட்டிருக்கவில்லை. சேர்ந்தது ஜூலை 21, சண்டை முடிந்து பதினெட்டு நாள் கழித்து.

#16 கசப்புமருந்து

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் "பலிகடா" என்ற முடிவுக்கு எல்லாரும் நழுவுகிற மாதிரி தெரிகிறது. ஹெனிக்ஸ்டைன் அவருடைய சிநேகிதர். படித்த அதிகாரிகளின் கணக்குகளை அவர் மதிக்கவில்லை, அதனால் கணக்குப் போட வேண்டிய இடத்தில் சிநேகிதரை உட்கார வைத்திருந்தார். இதை யாரும் அவர் மேல் திணிக்கவில்லை. தெரியாது என்று தெரிந்தும் பொறுப்பை ஏற்றது முதல் தப்பு. தந்தியில் பேரழிவு என்று எழுதிவிட்டு, பின்வாங்க அனுமதி கையில் இருக்க, ஆற்றை முதுகில் வைத்து நின்றது இரண்டாவது தப்பு. 44,000 பேரில் எவன் வீட்டில் அழுதார்களோ அவர்களிடம் போய் "மேலிடத்தில் கேள்வி கேட்டார்கள்" என்று சொல்ல முடியுமா?

#17 தாலுகாஆபீஸ்

@கசப்புமருந்து ராஜா "சண்டை நடந்ததா" என்று கேட்டால், நடத்தச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். எந்த ஆபீஸிலும் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் அனுமதி, தொனியில் உத்தரவு. நாளைக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தால் மேலதிகாரி சுத்தம்.

#18 கசப்புமருந்து

@தாலுகாஆபீஸ் அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் தளபதி சம்பளம் வாங்குபவர் தொனிக்கு ஆடக் கூடாது.

#19 பழையவரைபடம்

கோப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் இழை தொடங்கியதே இதைச் சொல்லத்தான்.

தோல்விக்குப் பிறகு பெனடெக் மேல் ராணுவ விசாரணை தொடங்கியது. பிரபு குடும்பத்து கிளாம்-காலாஸ், யிச்சினில் தோற்றவர், அவர் மேலும் விசாரணை நடந்தது, குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். பெனடெக் வழக்கு நடந்தால் யார் அனுப்பினார்கள், யார் தந்தி அடித்தார்கள் எல்லாம் வெளியே வரும். 1866 நவம்பர் 19 அன்று ஆர்ச்டியூக் ஆல்பிரெக்ட் அவரிடம் எழுத்தில் ஒரு வாக்குறுதி வாங்கினார்: தன்னை நியாயப்படுத்தி எதையும் வெளியிட மாட்டேன், சாகும் வரை. கொடுத்தார். சக்கரவர்த்தி விசாரணையை நிறுத்தினார்.

அடுத்து நடந்ததுதான் கேவலம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 8 அன்று அரசு நாளிதழான வீனர் ஸைட்டுங்கில் ஒரு கட்டுரை. உயர்ந்த அறிவு இல்லாததைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை, சக்கரவர்த்தியின் நம்பிக்கையை இழந்ததும் உலகத்தின் முன் பெயர் கெட்டதுமே பெரிய தண்டனை என்கிற தோரணையில். பதில் எழுத முடியாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாயைக் கட்டிவிட்டு அடித்தார்கள்.

அதே சக்கரவர்த்தி 1859இல் சோல்ஃபெரினோவில் தானே தலைமை தாங்கித் தோற்றவர். அவரை யார் விசாரித்தார்கள்?

#20 குதிரைலாடம்

பெனடெக் வாக்கைக் காப்பாற்றினாரா?

#21 பழையவரைபடம்

பதினைந்து வருஷம். கிராட்ஸ் நகரில் மனைவி யூலியாவோடு ஒதுங்கி வாழ்ந்தார். தன்னிடம் இருந்த காகிதங்களையும் எரித்துவிட்டார். 1881 ஏப்ரல் 27 அன்று தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். ராணுவ மரியாதை எதுவும் கூடாது என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். வாக்கு கொடுத்தது பேச மாட்டேன் என்றுதானே, மரியாதையை வாங்கிக்கொள்வேன் என்று இல்லையே.

#22 கசப்புமருந்து

சரி, இந்த ஒரு இடத்தில் நான் குல்லாவைக் கழற்றுகிறேன். க்டோவை மறக்கவில்லை.

#23 சுக்குக்காபி

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னக் கேள்வி. பட்டத்து இளவரசரின் படை மழையிலும் பனியிலும் எப்படிச் சரியாக அந்த இடத்துக்கே வந்தது? அவர்களுக்கும் புது நிலம்தானே.

#24 குதிரைலாடம்

@சுக்குக்காபி ஹோரெனோவெஸ் மேட்டில் இரண்டு பெரிய லிண்டன் மரங்கள். தூரத்திலிருந்தே தெரியும். அந்த மரங்களைக் குறிவைத்து நடங்கள் என்றுதான் படைக்கு உத்தரவு.

#25 தாலுகாஆபீஸ்

மிலான் வரை ஒவ்வொரு மரமும் தெரிந்தவரை இரண்டு மரம் கவிழ்த்துவிட்டதா!

#26 சுக்குக்காபி

@பனிமூட்டம் அந்த மரங்களைப் பார்த்தீர்களா?

#27 பனிமூட்டம்

அந்த மேட்டுப் பக்கம் போகவில்லை, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜூலை 3 ஒட்டி அங்கே பழைய சீருடை போட்டுக்கொண்டு சண்டையை நடித்துக் காட்டுவார்கள். அடுத்த வருஷம் அதற்குப் போகலாம் என்று இருக்கிறேன். போனால் படம் போடுகிறேன்.